33 என்றால் எவ்வளவு?

காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் ஒரு காரின் நான்கு டயர்களிலும் 33 பிஎஸ்ஐ காற்று அளந்து வைக்கப்படுகிறது. பயணம் கொடைக்கானலுக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, தேசிய நெடுஞ்சாலை 44-இல் திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் வழியாக உச்சி வெயிலில் மதுரையை நெருங்கும்போது முகப்புத் திரை 38 என்று காட்டுகிறது. மறுநாள் விடிகாலை மலைக்குளிரில் வண்டியை எடுத்துச் சற்று நகர்ந்ததும் அதே திரையில் 30. ஐயத்தோடு இறங்கி, கையில் வைத்திருக்கும் காற்றுமானியை வால்வில் அழுத்தினால் அது 33 என்கிறது. இடையில் ஒருவரும் காற்று அடிக்கவில்லை. எந்த டயரும் கசியவில்லை.

ஆனாலும் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் கருவி பொருத்திய கார்கள் நம் சாலைகளில் பெருகிவிட்டன. அதோடு "இது சரியாகத்தான் காட்டுகிறதா?" என்ற கேள்வியும் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் டயர் கடையிலும் கேட்கிறது. கருவி பெரும்பாலும் சரியாகவே காட்டுகிறது. காற்றுதான் வெயிலுக்கும் குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்ப நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தின் கணக்கு பிடிபட்டால், திரையில் தெரியும் எண் நம் உயிரைக் காக்கும் தகவலாகிவிடும்.

சக்கரத்துக்குள் ஒரு சிலிக்கன் தகடு

நேரடி வகை டிபிஎம்எஸ்-இல் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடிப்பகுதியோடு சேர்த்து ஓர் உணரி பொருத்தப்பட்டிருக்கும். எடை ஏறத்தாழ 30 கிராம். அதன் உயிர்நாடி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு மெல்லிய சிலிக்கன் தகடு. தகட்டின் ஒரு பக்கம் காற்று நீக்கப்பட்ட சிறு அறை. மறுபக்கம் டயரின் காற்று. காற்று அழுத்தும்போது மத்தளத் தோலைப் போலத் தகடு உள்வாங்குகிறது. அப்படி வளையும்போது சிலிக்கனின் மின்தடை மாறும். இந்தப் பண்பை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து சார்லஸ் ஸ்மித் அளந்து வெளியிட்டார். மின்தடையில் ஏற்படும் அந்த மிகச் சிறிய மாற்றம்தான் கடைசியில் பிஎஸ்ஐ எண்ணாகத் திரைக்கு வருகிறது.

இந்த வேலை எத்தகைய சூழலில் நடக்கிறது என்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 15 அங்குல ரிம் உள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ரிம்மின் விளிம்பில் உள்ள உணரி புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு விசைக்கு உள்ளாகிறது. 30 கிராம் பொருள் நாலரைக் கிலோ கனத்தோடு வெளிப்புறமாக இழுபடுகிறது. அந்த இழுப்பிலும், பள்ளத்தில் விழும் அதிர்ச்சியிலும், பிரேக்கிலிருந்து வரும் சூட்டிலும் அது பல ஆண்டுகள் அளந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். தீர்ந்தால் உணரியையே மாற்ற வேண்டியதுதான்.

அளந்த எண்ணை உணரி வானொலி அலையாக அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அமெரிக்காவில் 315. நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவில் ஒரு கார் தன் டயர்களை மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது? ஒவ்வொரு உணரிக்கும் தனி எண் உண்டு. அந்த நான்கு எண்களும் காரின் கணினியில் பதிவாகியிருக்கும். டயர்களை இடம் மாற்றிப் போட்ட பிறகு இந்தப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால், சில கார்களில் முன் இடது டயரின் அழுத்தம் பின் வலது டயரின் இடத்தில் தோன்றும். அளவு சரியாக இருந்தும் முகவரி தவறிவிடும்.

1986-இல் போர்ஷ் 959 என்ற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமான ஏற்பாடு இது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களுக்கும் வந்துவிட்டது.

ஒரு பிஎஸ்ஐ இடைவெளி

இத்தகைய உணரிகளின் பிழை, வழக்கமான வெப்பநிலையில் சுமார் 7 கிலோபாஸ்கல். அதாவது 1 பிஎஸ்ஐ. அதன்மேல் திரை முழு எண்ணாகவே காட்டுவதால் அரை பிஎஸ்ஐ வரை கூடவோ குறையவோ செய்யும்.

பங்கில் உள்ள இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சர்வதேசச் சட்ட அளவியல் அமைப்பு வாகன டயர்களின் காற்றுமானிகளுக்கென வகுத்த ஆர் 23 என்ற பரிந்துரை, 4 பார் வரையான அழுத்தத்தில் 0.08 பார் பிழையை ஏற்கிறது, சுமார் 1.2 பிஎஸ்ஐ. ஒன்று சற்றுக் கூடவும் மற்றொன்று சற்றுக் குறையவும் காட்டினால், பழுதே இல்லாத இரண்டு கருவிகளுக்கு இடையில் 2 பிஎஸ்ஐ வேறுபாடு வருவது இயல்பு. ஓஸ் தேய்ந்து, கீழே விழுந்து அடிபட்டு, நெடுநாள் சரிபார்க்கப்படாத மானி என்றால் வேறுபாடு இன்னும் கூடும். அப்படிப்பட்ட ஒரு மானியை நம்பிக் காரிலுள்ள உணரியைச் சந்தேகிப்பது நியாயமில்லை.

நேரத்தாலும் குழப்பம் வரும். பேட்டரியைச் சேமிப்பதற்காக, வண்டி நிற்கும்போது உணரி பெரும்பாலும் உறங்கிவிடும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். ஆகவே பல கார்களில் காற்று அடித்து முடித்த மறுகணம் திரையில் பழைய எண்ணே நிற்கும். சில நிமிடம் ஓட்டிய பிறகுதான் புது எண் வரும். திடீரென்று காற்று இறங்கினால் மட்டும் உணரி அந்த இடைவெளிக்குக் காத்திராமல் உடனே அறிவிக்கும்.

வெயிலின் கணக்கு

அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் சீரான விகிதத்தில் ஏறும் என்பதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்தோன் கண்டறிந்தார். அந்த விதியை நம் டயருக்குப் பொருத்த இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலாவது, காற்றுமானி காட்டும் 33 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட பங்கு மட்டுமே. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. ஆக, டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் 47.7. இரண்டாவது, வெப்பநிலையைக் கெல்வினில் எண்ண வேண்டும். காலையில் 30 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், அது 303 கெல்வின்.

இனிக் கணக்கு எளிது. சாலையில் உருண்டு டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் 303 கெல்வின் 333 ஆகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயர்வு. 47.7-உம் அதே விகிதத்தில் ஏறி 52.4 ஆகிறது. வெளிக்காற்றைக் கழித்தால் 37.7. மதுரையில் கண்ட 38 இதுதான். நினைவில் வைக்க ஒரு சிறிய விதி போதும்: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ.

இந்த விதி தெரிந்தவருக்குத் திரை பல செய்திகளைச் சொல்லும். காலையில் கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க டயர்கள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டலாம். கிழக்கு வெயில் அந்தப் பக்கத்தில் விழுவதே காரணம். வெயிலில் நிறுத்திய வண்டியின் ஒரு பக்கம் மரநிழலில் இருந்தாலும் இதே வேறுபாடு வரும். அதைப் பழுது என்று கருதிச் சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடுவது ஆபத்து. 38 காட்டும் டயரை 33-க்கு இறக்கினால், இரவு ஆறிய பின் அதில் 29 தான் இருக்கும். கதவருகில் உள்ள ஸ்டிக்கரில் கார் நிறுவனம் அச்சிட்டிருக்கும் அளவு ஆறிய டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல், வெயில் படாமல் நின்ற டயர் என்று அதற்குப் பொருள்.

மலையேறும் காற்று

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-லிருந்து சுமார் 11.4 பிஎஸ்ஐ ஆகக் குறைந்துவிடுகிறது. விடிகாலையில் வெப்பநிலை 10 டிகிரி என்று கொள்வோம். குளிர்ந்ததால் டயருக்குள் இருந்த முழு அழுத்தம் 47.7-லிருந்து 44.5-க்கு இறங்கியிருக்கும். கைக்காற்றுமானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளக்கும் கருவி. ஆகவே அது 44.5-இல் 11.4 போக, 33 என்று காட்டுகிறது. குளிர் குறைத்ததை உயரம் ஈடுசெய்துவிட்டது.

சக்கரத்துக்குள் இருக்கும் சிலிக்கன் தகடு காற்றில்லா அறையோடு ஒப்பிடுவதால் அளப்பது முழு அழுத்தம். அதிலிருந்து வெளிக்காற்றின் பங்கைக் கழிப்பது காரின் கணினி. இடத்துக்கு இடம் மாறும் வெளி அழுத்தத்தை அறிந்து கழிக்கும் கார்கள் கொடைக்கானலிலும் 33 காட்டும். எங்கும் கடல்மட்டத்தின் 14.7-ஐயே கழிக்கும் கார்கள் 30 காட்டும். உணரி துல்லியமாக அளந்தும், கழித்தலில் 3 பிஎஸ்ஐ தவறிவிடுகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை ஓடும் வண்டியில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்; 30 என்று கண்டதும் அங்கே அவசரப்பட்டுக் காற்று ஏற்ற வேண்டாம்.

ரப்பர் காட்டிலிருந்து ஒரு பாடம்

வெப்பமும் உயரமும் மாறாவிட்டாலும் டயர் மெல்ல மெல்லக் காற்றை இழக்கிறது. நல்ல நிலையில் உள்ள டயரே மாதம் ஒன்று முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை இழக்கும். காரணத்தைத் தேடிப் போனால் குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்துக்கே வந்து சேர்கிறோம்.

தமிழ்நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு விளைவது இங்கேதான். குலசேகரம், திருவட்டார், கீரிப்பாறை வட்டாரங்களில் விடியும் முன்பே மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்துகிறார்கள். நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம் 1984-இல் தொடங்கப்பட்டது. இந்தப் பால் உறைந்து ஷீட்டாகி டயர் ஆலைக்குப் போகிறது. இழுவிசைக்கும் வெட்டுக்கும் கிழிசலுக்கும் இயற்கை ரப்பர் காட்டும் எதிர்ப்பு அபாரமானது. ஆனால் அதன் மூலக்கூறுகளின் நடுவே காற்று எளிதாக ஊடுருவும். அதனால் ட்யூப்லெஸ் டயரின் உட்புறத்தில், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பியூட்டைல் வகை ரப்பரைத் தனி அடுக்காக ஒட்டுகிறார்கள். அது விடும் காற்று, இயற்கை ரப்பர் விடுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வலிமைக்கு ஒரு ரப்பர், காற்றைப் பிடித்து வைக்க இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் கசிவை முழுதாக நிறுத்த முடிவதில்லை.

கடலோரத்துக்கு உரிய இன்னொரு கசிவும் உண்டு. உணரி பொருத்திய வால்வுகள் பல அலுமினியத்தால் ஆனவை. குளச்சல், முட்டம் போன்ற ஊர்களின் உப்புக் காற்றில், அலுமினியத்தோடு சாதாரணப் பித்தளை உறுப்பு சேர்ந்தால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். அதனால் அத்தகைய வால்வுகளில் நிக்கல் பூசிய வால்வு பின்னையே போட வேண்டும். மூடியைத் தொலைத்துவிட்டுக் கிடைத்த பித்தளை மூடியைத் திருகினால், சில ஆண்டுகளில் அது வால்வோடு இறுகிக் கழற்ற முடியாமல் போகலாம்.

ஈரமும் கணக்கைக் கலைக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஈரக்காற்றைக் கம்பிரஸர் அழுத்தும்போது தொட்டியில் தண்ணீர் தேங்கும். அதை நாள்தோறும் திறந்து வடிக்காவிட்டால் காற்றோடு நீரும் டயருக்குள் போகும். 30 டிகிரியில் அந்த நீராவி தரும் அழுத்தம் சுமார் 0.6 பிஎஸ்ஐ, 60 டிகிரியில் அது 2.9. வெப்பத்தால் காற்று ஏறும் நான்கரை பிஎஸ்ஐ-யோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். நைட்ரஜன் நிரப்புவதில் உள்ள ஒரு மெய்யான நன்மை அது உலர்ந்து வருவது. மற்றபடி, சூட்டில் நைட்ரஜனும் காற்றைப் போலவே விரியும். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78% நைட்ரஜன் இருக்கிறது.

அளக்காமலே அறியும் வகை

சில கார்களில் சக்கரத்துக்குள் உணரியே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் எண்ணும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றே சுருங்குவதால், அதே தூரத்துக்கு அது கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டும். 185/65 ஆர் 15 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500-க்குச் சற்று மேற்பட்ட முறை சுழல்கிறது. காற்று குறைவதால் வரும் வேறுபாடு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதாவது கிலோமீட்டருக்குச் சில சுற்றுகள்தான். வளைவுகளையும் பாரத்தையும் கழித்து அந்தச் சில சுற்றுகளைப் பிரித்தறிவது கணித நுட்பத்தின் வெற்றி.

ஆனால் இந்த வகைக்குப் பிஎஸ்ஐ தெரியாது. சக்கரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் தெரியும். நான்கு டயரிலும் மாதக்கணக்கில் ஒரே அளவு காற்று குறைந்தால், பழைய வகை அமைப்புகள் கண்டுகொள்ளாது. புதியவை டயரின் அதிர்வையும் ஆராய்ந்து இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன. எதுவானாலும், காற்று சரிபார்த்த பின் ரீசெட் செய்வது ஓட்டுநரின் பொறுப்பு. குறைந்த காற்றோடு ரீசெட் செய்தால் கருவி அந்தக் குறைவையே சரியான அளவு என்று கற்றுக்கொள்ளும்.

விளக்கு எரியும் முன்பே

டிபிஎம்எஸ் சட்டமானதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் சிதைந்து, வண்டிகள் உருண்டு 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு இறுதியில் பிறந்த சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதிய கார்களில் இந்தக் கருவி கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம்.

அமெரிக்க விதிப்படி எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டியது, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25% குறைந்த பிறகு. 33 இருக்க வேண்டிய டயர் ஏறத்தாழ 25-க்கு இறங்கும்வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். அதற்குள் எவ்வளவு இழந்திருப்போம்? தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, 1963-இல் நாசாவின் ஹார்ன், டிரெஹர் இருவரும் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தார்கள். அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பிஎஸ்ஐ-யில் அது மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர், 25-இல் 83. கார் டயரின் பட்டனைப் பொறுத்து இது மாறும் என்றாலும், போக்கு இதுதான். ஐப்பசி மழையில் நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு அந்த 13 கிலோமீட்டர் வேறுபாடு மிகப் பெரியது.

இன்னொரு நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கோடை வந்தால் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சி மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைத்து வைக்கிறவர்கள் நம் ஊரில் பலர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலே ரப்பருக்குள் வெப்பமாக மாறுகிறது. வெடிப்பைத் தவிர்க்கக் காற்றைக் குறைப்பவர், வெடிப்புக்கு வேண்டிய சூட்டையே வளர்க்கிறார். சூட்டில் 38 ஆவதை டயர் செய்தவர்கள் முன்பே எண்ணியிருக்கிறார்கள். பல கார் டயர்களின் பக்கச்சுவரில் உச்ச வரம்பாக 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம்.

பாரத்தைக் கருவி சொல்லாது என்பதும் முக்கியம். கல்யாணத்துக்குப் போக ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் டயர் தரையில் பரந்து அமர்கிறது. உள்ளிருக்கும் கன அளவு அதிகம் மாறாததால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூட ஏறாது. திரை 33 என்றே காட்டும். முழுப் பாரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கதவருகில் உள்ள ஸ்டிக்கரின் இன்னொரு கட்டத்தில் பார்த்து, புறப்படும் முன்பே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆக, இந்தக் கருவியை முழுதாகப் பயன்படுத்தும் வழி எளியது. மாதம் ஒரு காலை, வெயில் ஏறும் முன், ஓடாத வண்டியில் நல்ல மானியால் காற்றைச் சரிபார்த்துவிட்டு, திரை காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உணரி எப்போதும் ஒன்று குறைவாகக் காட்டினால் கவலை வேண்டாம். அந்தப் பிழை பெரும்பாலும் மாறாமல் இருக்கும். மாற்றத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று டயர்கள் ஒன்றுபோல் ஏறி இறங்க, நான்காவது மட்டும் நாளுக்கு அரை பிஎஸ்ஐ பின்தங்கினால், அங்கே ஓர் ஆணி குத்தியிருக்கிறது. அல்லது தக்கலை, மார்த்தாண்டம் வழியில் ஏதோ ஒரு பள்ளத்தில் ரிம் நெளிந்திருக்கிறது. விளக்கு எரியப் பல நாட்கள் முன்பே அது தெரிந்துவிடும்.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் பொருட்களும் டிபிஎம்எஸ்-உம் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அறிவித்தது. ஐந்தாவது சக்கரத்தின் இடத்தை ஓர் எண்ணிடம் ஒப்படைத்திருக்கிறோம். காரை வாங்கும்போது அந்த எண்ணைப் படிக்கும் முறையையும் ஷோரூமில் கற்றுத் தர வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் அது ஒரு பாடமாக வேண்டும். காலையில் அளந்த 33-ஐ அறிந்த ஓட்டுநருக்குத்தான் மதியத்தின் 38 எதைச் சொல்கிறது என்று புரியும்.